மார்பு நீச்சலை நம்பிப் பிள்ளையை விடலாமா?

கேள்வி, 8 மார்ச் 2025
மகளுக்கு 11 வயது. தொடக்கநிலை 5. நாலு பாணியும் நீந்துவாள், ஆனால் மார்பு நீச்சல்தான் தானாக வருகிறது. கோச் போட்டிக்குழுவில் சேர்க்கச் சொல்கிறார், வாரம் ஐந்து நாள். அதே குளத்தில் இன்னொரு அப்பா, “அதுதான் இருப்பதிலேயே மெதுவான நீச்சல், அதில் எதிர்காலம் இல்லை, இப்போதே ஃப்ரீஸ்டைலுக்கு மாற்றிவிடுங்கள்” என்கிறார். அடுத்த வருடம் சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ வேறு. யாராவது அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

8 மார்ச் 2025, இரவு
மாற்றாதீர்கள்.

மெதுவான நீச்சல் என்பது உண்மைதான். ஆண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் உலக சாதனை 46.40 விநாடி, மார்பு நீச்சலில் 56.88. பத்து விநாடிக்கு மேல் வித்தியாசம். ஆனால் உங்கள் மகள் ஃப்ரீஸ்டைல்காரர்களோடு மோதப் போவதில்லையே. பக்கத்து லேனில் நீந்துகிறவளும் அதே மெதுவான நீச்சலைத்தான் நீந்துவாள்.

என் மகளுக்கு இப்போது 17. ஒன்பது வயதிலிருந்து போட்டிக்கு நீந்துகிறாள், 50, 100, 200 மூன்றுமே மார்பு நீச்சல்தான். அவளை யாரும் அதற்குத் தேர்ந்தெடுக்கவில்லை. உடம்பு தேர்ந்தெடுத்தது. பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, கணுக்காலை மடக்கி, குதிகாலைப் பின்னால் இழுத்து உதைக்க வேண்டும். மற்ற மூன்று நீச்சலிலும் கைதான் பெரும்பாலும் இழுத்துக்கொண்டு போகும், இதில் பாதிக்கு மேல் காலின் வேலை. அந்தத் திருப்பம் சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே இருக்கிறது, சிலருக்கு எத்தனை வருடம் சொல்லிக் கொடுத்தாலும் வருவதில்லை. உங்கள் மகளுக்குத் தானாக வருகிறது என்றால் அதைப் போய் மாற்றுவார்களா?

நான் கும்பகோணத்துப் பக்கம். இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி, கிணற்றில் இறக்கிவிட்டு, நீந்தக் கற்றுக் கொடுத்தார்கள். பிறகு அரசலாறு. நாங்கள் நீந்தியதெல்லாம் தலை நனையாத தவளை நீச்சல். பெயருக்குத்தான் அதுவும் இதுவும் ஒன்று.

9 மார்ச் 2025
நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. இந்த நீச்சலில்தான் தகுதிநீக்கம் என்று நடுவர் கை தூக்குவது அதிகம். நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

சுவரை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். இரண்டு காலும் ஒன்றாகவே உதைக்க வேண்டும், ஒரு கால் கத்திரிக்கோல் மாதிரி போனாலும் தகுதிநீக்கம். டைவ் அடித்ததும், ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் நீருக்கடியில் ஒரே ஒரு முழு இழுப்பு, ஒரே ஒரு டால்ஃபின் உதை (இரண்டு காலையும் ஒட்டி மேலும் கீழும் அடிப்பது), ஒரே ஒரு தவளை உதை. இரண்டாவது இழுப்பில் கை அகலமாக விரிந்து உள்ளே திரும்புவதற்குள் தலை வெளியே வந்திருக்க வேண்டும்.

இத்தனை விதி எதற்கு என்று முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகுதான் விவரம் தெரிந்தது. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் வேகமாகப் போக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். வண்ணத்துப்பூச்சி நீச்சலே இதிலிருந்து பிரிந்து போனதுதான். 1956 மெல்பர்னில் ஜப்பானின் மசாரு ஃபுருகாவா 200 மீட்டரில் பெரும்பகுதியை நீருக்கடியிலேயே நீந்தித் தங்கம் வாங்கினார், அதன் பிறகு அதைத் தடுத்தார்கள். டால்ஃபின் உதை 2004 ஏதென்ஸில் கொசுகே கிட்டாஜிமா விஷயத்தில் பெரிய சர்ச்சையாகி, மறு ஆண்டு ஒன்றே ஒன்று என்று அனுமதித்தார்கள்.

என் மகளின் முதல் போட்டி, 50 மீட்டர். வலது கை முந்திவிட்டது. தகுதிநீக்கம். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

16 மார்ச் 2025
டிஎஸ்ஏ பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். டிஎஸ்ஏ என்பது திறமையைப் பார்த்து உயர்நிலைப் பள்ளியில் இடம் தரும் நேரடிப் பள்ளிச் சேர்க்கை. அதற்குத் தொடக்கநிலை 6-இல் மே மாதம் விண்ணப்பம் திறக்கும். பிஎஸ்எல்இ எழுதுவதற்கு முன்பே பள்ளி இடம் சொல்லிவிடும். ஏற்றுக்கொண்டால் பிறகு வேறு பள்ளிக்கு மாற முடியாது, அந்தப் படிப்புக் காலம் முழுக்க அந்த விளையாட்டில் இருக்க வேண்டும். நான்கு வருடம், உயர்நிலைப் பள்ளியும் தொடக்கக் கல்லூரியும் சேர்ந்த ஒருங்கிணைந்த திட்டமென்றால் ஆறு.

என் மகள் அந்த வழியில்தான் போனாள். நல்லதா கெட்டதா என்று கேட்டால் இப்போதைக்கு நல்லது என்றே சொல்வேன். பயிற்சிக்கு நேரம் ஒதுக்கித் தந்தார்கள், போட்டி நாளில் விடுப்புக்குக் கெஞ்ச வேண்டியதில்லை. சிங்கப்பூர் விளையாட்டுப் பள்ளியும் ஒரு வழி, ஆனால் நாங்கள் இருப்பது தெம்பனிஸ், அது உட்லண்ட்ஸில். விசாரிக்காமலே விட்டுவிட்டோம்.

பையன் வைத்திருப்பவருக்கு: தேசிய சேவையை, அதாவது கட்டாய ராணுவப் பணியைப் பற்றி 11 வயதில் கவலைப்பட வேண்டாம். ஜோசப் ஸ்கூலிங், குவா செங் வென் போன்ற நீச்சல் வீரர்களுக்கு ஒத்திவைத்தார்கள். அது மிகச் சிலருக்குக் கிடைப்பது, அந்தக் கட்டத்துக்கு வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

30 மார்ச் 2025
“உங்கள் மகள் இப்போது எப்படி நீந்துகிறாள்” என்று ஒருவர் கேட்டார். முதல் குறிப்பில் அதைச் சொல்லாமல் நழுவிவிட்டேன் என்று எனக்கே தெரிகிறது. சொல்கிறேன். எல்லாம் 100 மீட்டர், 50 மீட்டர் குளத்தில்.

12 வயதில் 1:24.10
13 வயதில் 1:20.60
14 வயதில் 1:18.50
15 வயதில் 1:20.90
16 வயதில் 1:19.70
இந்த மாதம், 17 வயதில் 1:18.90

அதாவது மூன்று வருடமாகப் பதினான்கு வயதுப் பெண்ணை இந்தப் பெண்ணால் தாண்ட முடியவில்லை. உலக நீச்சல் அமைப்பின் புள்ளி முறை தெரியுமா? உலக சாதனையை ஒட்டிய ஓர் அடிப்படை நேரத்தை நம் நேரத்தால் வகுத்து, வந்த எண்ணை மூன்று தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, பிறகு ஆயிரத்தால் பெருக்க வேண்டும். பெண்கள் சாதனை 1:04.13. அதை வைத்தால் 1:18.50-க்குச் சுமார் 545 புள்ளி. 1:16.90 நீந்தினால் 580. ஒன்றரை விநாடிதான், ஆனால் அந்த ஒன்றரை விநாடிக்காக வீட்டில் எத்தனை இரவு பேச்சில்லாமல் போயிருக்கிறது.

உங்கள் மகளுக்கு 11 வயதில் வரும் நேரத்தை வைத்து எதையும் கணக்குப் போடாதீர்கள். 12 வயதில் இவளை முந்தியவர்கள் ஆறு பேர். இன்று நீந்துவது அதில் ஒருத்தி.

11 ஏப்ரல் 2025
செய்தி பார்த்தீர்களா? 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மார்பு நீச்சலும் உண்டு. வண்ணத்துப்பூச்சி, மல்லாந்த நீச்சலிலும் 50 சேர்த்திருக்கிறார்கள். இத்தனை வருடம் உலகப் போட்டியில் இருந்தது, ஒலிம்பிக்கில் ஃப்ரீஸ்டைலுக்கு மட்டும்தான் 50 இருந்தது. “அதில் எதிர்காலம் இல்லை” என்றாரே அந்த அப்பா, அவரிடம் சொல்லுங்கள்.

நம் ஊரில் ரோவன் ஹோ 2015, 2017 தென்கிழக்காசிய விளையாட்டுகளில் தங்கம் வாங்கியது இந்த 50 மீட்டரில்தான். அவர் காலத்தில் ஒலிம்பிக் வரை ஏற அதற்குப் படியே இல்லை. என் மகள் செய்தியை இரண்டு தடவை படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் குளிக்கப் போனாள்.

3 மே 2025
தலைமுடி. கேட்டவருக்கு: தொப்பி போடுவதற்கு முன் முடியை நல்ல தண்ணீரில் நனைத்து, லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவி, இறுக்கிப் பின்னிவிடுங்கள். ஏற்கெனவே நனைந்த முடி குளோரினைக் குறைவாகவே இழுக்கும். நிறம் கறுப்பதைப் பற்றி வீட்டில் யாராவது பேசினால் காதில் வாங்காதீர்கள், பிள்ளை காதில் விழவும் விடாதீர்கள்.

இடி மின்னல். எச்சரிக்கை ஒலி வந்தால் எல்லாரையும் மேலே ஏற்றிவிடுவார்கள். சில மாதங்களில் மாலைப் பயிற்சி பாதி அதிலேயே போய்விடும். அதனால்தான் காலைப் பயிற்சியை விடாதீர்கள் என்கிறார்கள். ஐந்து மணிக்குக் குளத்தில் இருக்க வேண்டும், எம்ஆர்டி ரயில் அப்போது ஓடாது. என் கணவர் டாக்சி ஓட்டுகிறார், இரவு வேலையின் கடைசி சவாரி எப்போதும் அவள்தான்.

25 மே 2025
இதை எழுதலாமா என்று இரண்டு வாரமாக யோசித்தேன்.

மார்ச் 16-ஆம் தேதி டிஎஸ்ஏ நல்லது என்று எழுதினேன். 30-ஆம் தேதி நேரங்களை வரிசையாகப் போட்டேன், 14 வயதுக்கும் 15 வயதுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று சொல்லவில்லை. முழங்கால்.

உதையின் கடைசிப் பகுதியில் கால் வெளிப்பக்கம் திரும்பியபடி வேகமாகச் சேரும்போது, முழங்காலின் உட்பக்கத் தசைநார்தான் அந்த இழுப்பை வாங்குகிறது. மார்பு நீச்சல்காரர்களுக்கு இது தொழில்நோய் மாதிரி. தொடையின் உட்பக்கமும் பிடித்துக்கொள்ளும். 2022 கடைசியில் ஒரே வருடத்தில் ஏழு சென்டிமீட்டர் வளர்ந்தாள். எலும்பு நீண்டுவிட்டது, தசை இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை. பழைய உதை புதிய காலுக்குப் பொருந்தவில்லை. இது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது தெரிந்ததெல்லாம் நேரம் கூடிக்கொண்டே போகிறது என்பது மட்டும்.

“அம்மா, உள்பக்கம் சுடுது” என்றாள். அப்போதிருந்த கோச் உதைப் பயிற்சியைக் கூட்டினார், கால் பலம் போதாது என்றார். நானும் நம்பினேன். நம்பினேன் என்பதுகூடச் சரியில்லை, எனக்கு அது வசதியாக இருந்தது. அடுத்து பள்ளிகளுக்கிடையிலான போட்டி வருகிறது, டிஎஸ்ஏ-வில் இடம் கொடுத்த பள்ளி, நீந்தாவிட்டால் என்ன நினைப்பார்கள் என்ற பயம். இரவில் வலி மருந்து தடவி, காலையில் ஐஸ் வைத்து, ஐந்து வாரம் அனுப்பினேன். ஆறாவது வாரம் படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

அறுவைச் சிகிச்சை தேவைப்படவில்லை. நான்கு மாதம் மார்பு உதை கூடாது என்றார் ஃபிசியோ. கையை மட்டும் வைத்து நீந்தினாள், காலிடுக்கில் மிதவை. பள்ளியில் போய்ச் சொன்னபோது அவர்கள் ஒரு வார்த்தைகூடக் கோபிக்கவில்லை, முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றுதான் கேட்டார்கள். நான் பயந்ததெல்லாம் நானாகக் கற்பனை செய்துகொண்டது.

ஆகவே டிஎஸ்ஏ பற்றி நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். அதில் தப்பில்லை. ஆனால் அது வந்தபின் பிள்ளையின் வலியைக் கேட்கும் காது எனக்கு மந்தமாகிவிட்டது. முழங்காலின் உட்பக்கம் வலிக்கிறது என்றால் அன்றே உதையை நிறுத்துங்கள். மற்ற பாணிகளில் நீந்தலாம். கோச் என்ன சொன்னாலும் சரி.

26 மே 2025
ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. “நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லையே” என்கிறீர்கள். ஸ்டாப்வாட்சை என் கையில் வைத்துக்கொண்டு, கம்பி ஓரத்தில் நின்று, அவள் தலை வெளியே வரும்போதெல்லாம் முகத்தைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்தேன். அது வேண்டுமென்று செய்ததுதான்.

14 ஜூன் 2025
கேள்வி கேட்ட தங்கை தனிச்செய்தியில் கேட்டதை, அவர் அனுமதியோடு இங்கேயே எழுதுகிறேன். மற்ற அம்மாக்களுக்கும் உதவும்.

என் மகள் பெரியவளானது 2020 மார்ச் கடைசியில். மாமியார் வழக்கப்படி பதினாறு நாள் வீட்டில் வைக்க வேண்டும் என்றார். தண்ணீரில் இறங்கக் கூடாது, அதுவும் பொதுக் குளத்தில், ஆண் கோச் முன்னால். நான் சண்டை போட்டேன், கணவர் நடுவில் மாட்டிக்கொண்டார். அந்தப் பதினாறு நாள் முடிவதற்குள் ஏப்ரல் 7 வந்தது, கொவிட் கட்டுப்பாட்டில் எல்லாக் குளத்தையும் மூடிவிட்டார்கள். ஜூன் 19 வரை யாருமே நீந்தவில்லை. டிஎஸ்ஏ நேர்முகம்கூட அந்த வருடம் கணினித் திரையில்தான். மகள் கட்டிலில் குப்புறப் படுத்துக் காற்றில் உதைத்துப் பழகினாள், பாட்டி அவள் பாதத்தைப் பிடித்து வெளிப்பக்கம் திருப்பிவிடுவார். மகள் சொல்லிக் கொடுத்த மாதிரியே சரியாகத் திருப்புவார். குளம் திறந்தபோது முதலில் பை எடுத்து வைத்தவர் அவர்தான்.

நீங்கள் கேட்டது மாதவிலக்கு நாட்களைப் பற்றி. நீந்தலாம். சாதாரண நாப்கின் தண்ணீரில் உதவாது, அதற்கென்று உள்ளே வைக்கும் டாம்பான் இருக்கிறது, உறிஞ்சும் நீச்சலுடையும் கிடைக்கிறது. என் மகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை, கூச்சப்பட்டேன். குழுவில் இருந்த மூத்த பெண்கள் உடைமாற்றும் அறையில் சொல்லிக் கொடுத்தார்கள். உங்கள் மகளுக்கு நீங்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். இடுப்பு அகலமாகும், எடையின் மையம் மாறும், மிதக்கும் விதமே மாறும். இந்த நீச்சலில் அது உடனே நேரத்தில் தெரியும். ஒரு வருடம் நின்றாலும் நிற்கும். பயந்துபோய்ச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். இட்லி, முட்டை, வாழைப்பழம், எது உள்ளே போகிறதோ போகட்டும். காலை ஐந்து மணிக்கு எதுவும் இறங்காது, ஏழு மணிக்கு நாலு இட்லி போதாமல் போகும்.

4 ஆகஸ்ட் 2025
நேற்று இரவு காலாங்கில் இருந்தோம். உலக நீச்சல் போட்டி தென்கிழக்காசியாவுக்கு வந்ததே இதுதான் முதல் தடவை. கடைசி நாளுக்கு மட்டும் சீட்டு வாங்கினோம், பெண்கள் 50 மீட்டர் மார்பு நீச்சல் இறுதிச்சுற்று அன்றுதான்.

ரூட்டா மெய்லுட்டிட்டே. லித்துவேனியா. 29.54. தங்கம்.

இந்தப் பெண்ணின் கதையை மகளுக்காகத் தேடிப் படித்து வைத்திருக்கிறேன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம், 1:05.47, அப்போது வயது 15. நான்கு வயதில் தாயை விபத்தில் இழந்தவர், தந்தையோடு இங்கிலாந்து போய் பிளிமத்தில் பயிற்சி எடுத்தவர். மறு வருடமே உலக சாதனை. 2016 ரியோவில் ஏழாவது. 2019-இல் ஓய்வு அறிவித்தார், ஊக்கமருந்துச் சோதனைக்கு இருப்பிடம் தெரிவிக்கும் விதியில் தவறியதால் இரண்டு வருடத் தடையும் வந்தது. அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். 2022-இல் திரும்பி வந்து உலகத் தங்கம். 2023-இல் 50 மீட்டரில் 29.16, உலக சாதனை. நேற்று 28 வயதில், என் கண் முன்னால்.

பதினைந்து வயதில் உச்சி, நடுவில் இத்தனை வருடப் பள்ளம், பிறகு மறுபடியும். நான் என் மகளின் 14 வயது நேரத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன்.

அவள் பார்த்தது வேறு. “அம்மா, அவ கையைப் பாரு, இழுத்து முடிச்சதும் எவ்வளவு சீக்கிரம் முன்னாடி போகுது” என்றாள். முப்பது விநாடி, முழுக்க எழுந்து நின்றே பார்த்தாள்.

5 ஆகஸ்ட் 2025
பரவசத்தில் எழுதிவிட்டேன், கொஞ்சம் நிதானிக்கிறேன். திரும்பி வருபவர்களின் கதையைத்தான் நமக்குச் சொல்கிறார்கள். 1992 பார்சலோனாவில் ஜப்பானின் கியோகோ இவாசாகி 14 வயதில் 200 மீட்டர் மார்பு நீச்சல் தங்கம் வாங்கினார். அதன் பிறகு ஒலிம்பிக் பதக்கம் இல்லை, இருபது வயதில் நிறுத்திவிட்டார். அதனால் அவர் வாழ்க்கை வீணா? பிரிட்டனின் ஆடம் பீட்டி 2023-இல் மனச்சோர்வைச் சொல்லி வெளிப்படையாகவே விலகி நின்றார், 2024 பாரிஸில் 0.02 விநாடியில் தங்கத்தை விட்டார். நான் முதலில் சொன்ன 56.88 உலக சாதனை இன்னும் அவருடையதுதான்.

இதே உலகப் போட்டியில் சீனாவின் யூ ஸிடி, 12 வயது, தொடர் நீச்சலில் வெண்கலம். குளத்தில் நேற்று எல்லா அப்பா அம்மாவும் அந்தப் பிள்ளையைத்தான் பேசினார்கள். என் மகளோடு நீந்துகிற பத்து வயதுக்காரியின் அம்மா, “இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு” என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

10 ஆகஸ்ட் 2025
நம் ஊர் நீச்சல் வீராங்கனை தெரேசா கோ பெயரை யாரும் சொல்லவில்லையே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயம். 2016 ரியோ உடற்குறையுள்ளோர் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் மார்பு நீச்சல் வெண்கலம், 29 வயதில். அது அவருடைய நான்காவது ஒலிம்பிக், முதல் பதக்கம். கால் உதையே இல்லாமல் மார்பு நீச்சல். காலின் வேலைதான் பாதிக்கு மேல் என்று மார்ச்சில் அடித்துச் சொன்னேனே, அது எல்லா உடம்புக்கும் பொருந்தாது. மகள் முழங்காலோடு கை மட்டும் நீந்திய நான்கு மாதத்தில் இவருடைய காணொளிகளைத்தான் பார்த்தாள். அந்தக் கையால்தான் இன்று நீந்துகிறாள் என்கிறார் இப்போதைய கோச்.

28 செப்டம்பர் 2025
இப்போதைய கோச் ஒரு வேலை கொடுத்திருக்கிறார், எனக்கு. நேரம் எடுக்கக் கூடாது, இழுப்பை எண்ண வேண்டும்.

விஷயம் இதுதான். மார்பு நீச்சலில் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் ஏறி இறங்கும். குதிகாலை இழுக்கும் கணத்தில் உடம்பு தண்ணீரில் கிட்டத்தட்ட நின்றே போகிறது. உதைத்ததும் கையை நீட்டி வழுக்கிப் போகிறதே, அதுதான் சம்பாத்தியம். அவசரப்பட்டு அடுத்த இழுப்பைத் தொடங்கினால் சம்பாதித்ததைக் கொட்டிவிடுகிறோம், ரொம்பவும் காத்திருந்தால் கரைந்துவிடும். 14 வயதில் 50 மீட்டருக்கு 27 இழுப்பு போட்டாள். உடம்பு ஏழு சென்டிமீட்டர் நீண்ட பிறகும் அதே 27. நீளமான படகைச் சின்னத் துடுப்பு வேகத்தில் ஓட்டியிருக்கிறோம். இதை மூன்று வருடம் யாரும் எண்ணவில்லை, எல்லாரும் விநாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது 22, 23. 100 மீட்டரில் இன்னும் பலன் இல்லை, இரண்டாவது ஐம்பதில் தாளம் உடைகிறது. 200 மீட்டரில் ஏதோ நடக்கிறது. அவள் வெறுத்த தூரம் அது.

அரசலாற்றில் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் நீந்துவதை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு தள்ளு, பிறகு சும்மா மிதந்து போவார்கள். அக்கரை வந்துவிடும்.

19 அக்டோபர் 2025
நாளை தீபாவளி. எண்ணெய்க் குளியலுக்கு முன் காலைப் பயிற்சி உண்டா என்று கேட்டாள், இல்லை என்றேன், முகம் வாடிவிட்டது. பிள்ளை பயிற்சியைக் கேட்டு வாங்குவது நான்கு வருடத்தில் இதுதான் முதல் தடவை. இங்கே எழுதி வைக்கிறேன்.

16 நவம்பர் 2025
கேள்வி கேட்ட தங்கையின் மகளுக்கு நேற்று முதல் போட்டியாம், திருப்பத்தில் ஒரு கை முந்தித் தகுதிநீக்கமாம். அழுகிறாள், விட்டுவிடட்டுமா என்று கேட்கிறார்.

முதலில் என் மகள் செய்தி. 200 மீட்டர், 2:49.30, எட்டுப் பேரில் ஆறாவது. 14 வயதில் 2:55.80. நேரம் பிறகுதான் பார்த்தேன், நீந்தும்போது எண்ணிக்கொண்டிருந்தேன். 20, 21, 22, 24. மேலே வந்ததும் “கடைசி ஐம்பது எத்தனை?” என்று கேட்டாள். 24 என்றேன். “ரெண்டு ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டு இளைப்பாறும் நீச்சலுக்குப் போனாள். 100 மீட்டரில் 1:19.10, அதில் பேச ஒன்றுமில்லை.

சரி, உங்கள் மகளுக்கு. இதை என் மகளே சொல்லச் சொன்னாள். மல்லாந்த நீச்சலுக்காகக் குளத்தின் குறுக்கே கொடி கட்டியிருப்பார்கள், சுவரிலிருந்து 5 மீட்டரில். அந்தக் கொடியைத் தாண்டியதும் சுவரைப் பார்க்கக் கூடாது, தலையைத் தூக்கினால் ஒரு தோள் இறங்கும், ஒரு கை முந்தும். கொடியிலிருந்து சுவர் வரை தனக்கு எத்தனை இழுப்பு என்று பயிற்சியில் எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி இழுப்பில் இரண்டு கட்டைவிரலும் ஒட்டியபடி நீட்டினால் கைகள் பிரியவே முடியாது.

சனிக்கிழமை மாலை தெம்பனிஸ் குளத்தில் இருப்போம். மின்னல் இல்லையென்றால் கூட்டி வாருங்கள், அவளே காட்டித் தருவாள்.